மூளையை நோக்கி ஒரு நைலான் நூல்

காலை ஆறரை மணி. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். காப்பி டம்ளரை எடுக்க வலது கையை நீட்டப் பார்க்கிறார், கை எழவில்லை. "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்ல வாயெடுக்கிறார், சொல் குழறுகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது. உள்ளேயிருந்து ஓடி வந்த பாட்டி, "கொஞ்ச நேரம் படுங்க, சரியாப் போயிடும்" என்கிறார்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் இத்தகைய காட்சியை உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பார்த்திருக்கக்கூடும். பக்கவாதம், பாரிசவாயு என்றெல்லாம் நாம் அழைக்கும் நோய் இதுதான். பெயரில் 'வாதம்', 'வாயு' என்று இருந்தாலும் காற்றுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. செயலிழந்து தொங்கும் அந்தக் கையிலும் குறை ஒன்றும் இல்லை. குறை இருப்பது மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில்.

இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்துகொண்டவற்றில் ஒரு முக்கியப் பகுதி, எலியின் கழுத்தின் வழியாகச் செலுத்தப்பட்ட ஒரு நைலான் நூலின் மூலம் தெரியவந்தது. ஆம், ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கு வேண்டுமென்றே பக்கவாதத்தை வரவழைக்கிறார்கள்! ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? எப்படிச் செய்கிறார்கள்? அப்படிச் செய்வது சரிதானா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம், வாருங்கள்.

பசி பொறுக்காத உறுப்பு

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1400 கிராம் எடை உள்ளது. உடலின் எடையில் இது நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. தசையும் கல்லீரலும் தமக்கு வேண்டிய எரிபொருளை ஓரளவு சேமித்து வைத்துக்கொள்ளும். மூளையிடம் சொல்லத்தக்க சேமிப்பு இல்லை. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று சமைக்கும் குடும்பம் போன்றது அது. மூளைக்குச் செல்லும் இரத்தம் முழுவதும் நின்றுபோனால் சுமார் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மீளமுடியாத பாதிப்பை அடையத் தொடங்கும்.

இவ்வளவு முக்கியமான உறுப்புக்கு இயற்கை ஒரு பாதுகாப்பும் செய்திருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு தமனிகள் மூளைக்கு ஏறுகின்றன. அவை மூளையின் அடிப்பரப்பில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாகின்றன. நான்கு வாய்க்கால்கள் ஒரே குளத்தில் வந்து விழுவது போல! ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் மற்றவை ஓரளவுக்கு ஈடுசெய்யும். 1664-ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இந்த வளையத்தைத் தெளிவாக விளக்கினார். ஆகவே அது 'வில்லிஸ் வளையம்' என்றே வழங்குகிறது. அவருடைய நூலுக்குப் படம் வரைந்து கொடுத்தவர்களுள் ஒருவர், பின்னாளில் லண்டனில் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்!

வளையத்திலிருந்து கிளம்பும் கிளைகளுக்கு இந்தப் பாதுகாப்பு குறைவு. குளத்திலிருந்து வயலுக்குப் போகும் மடை அடைபட்டால் குளத்தில் நீர் இருந்தும் பயிர் வாடும் அல்லவா? அதுபோலத்தான். இக்கிளைகளுள் பெரியது நடு மூளைத் தமனி. மூளையின் பக்கவாட்டுப் பகுதிக்கு இரத்தம் தருவது இது. முகம், கை ஆகியவற்றின் இயக்கத்தையும், பெரும்பாலோருக்கு இடப்பக்க மூளையில் அமைந்துள்ள பேச்சையும் ஆளும் பகுதி அதுவே. பக்கவாதத்தில் மிகுதியும் பாதிக்கப்படுவதும் இந்தத் தமனிதான்.

பக்கவாதம் இருவகை. குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொன்று. இரண்டில் மிகுதியாக வருவது அடைப்புதான்.

நோயாளியிடமே ஆராய்ந்தால் என்ன?

நியாயமான கேள்வி. திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவை மருத்துவமனைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடைப்பு எந்த நிமிடத்தில் ஏற்பட்டது? அடைபடுவதற்கு முன் அவருடைய மூளையில் இரத்த ஓட்டம் எவ்வளவு இருந்தது? இக்கேள்விகளுக்குத் துல்லியமான விடை கிடைக்காது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வயது வேறு, அடைபட்ட இடம் வேறு, சர்க்கரை நோயும் உண்டு. இவ்விருவரையும் ஒப்பிட்டு எந்த முடிவுக்கு வருவது?

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் சோதனை செய்யும்போது என்ன செய்கிறீர்கள்? மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறீர்கள். ஒளிச்சேர்க்கைக்குச் சூரிய ஒளி தேவையா என்று அறிய, ஒரே செடியின் இலையில் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடுகிறீர்கள். பக்கவாதத்தையும் அப்படி ஆராய வேண்டுமானால் அடைப்பு நேரும் இடமும் நேரமும் ஆராய்ச்சியாளரின் கையில் இருக்க வேண்டும். மனிதரிடம் அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. கண்ணாடித் தட்டில் வளர்க்கும் நரம்பணுக்களிடம் பல செய்திகளைக் கேட்டறியலாம். ஆனால் தட்டில் தமனியும் இல்லை, ஓடும் இரத்தமும் இல்லை. எனவேதான் எலியை நாடினார்கள். எலியின் மூளை சுமார் 2 கிராம்தான். ஆயினும் அதன் அடியிலும் ஒரு வில்லிஸ் வளையம் உண்டு. அதிலிருந்து நடு மூளைத் தமனியும் கிளம்புகிறது.

மண்டையோட்டில் ஒரு ஜன்னல்

தொடக்கத்தில் நேர்வழியையே கையாண்டார்கள். 1981-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தமுராவும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தார்கள். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதியில் மண்டையோட்டில் ஒரு சிறு ஜன்னலைத் திறப்பார்கள். நுண்ணோக்கியின் கீழே நடு மூளைத் தமனி ஒரு சிவப்பு இழையாகத் தெரியும். அதை மின்சூட்டினால் பொசுக்கி அடைத்துவிடுவார்கள்.

இம்முறையில் ஒரு நன்மை உண்டு: அடைபட்டதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டு குறைகளும் உண்டு. மண்டையோட்டைத் திறப்பதே மூளையின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் மாற்றிவிடக்கூடும். அடுத்து, பொசுக்கிய தமனியை மறுபடி திறக்க முடியாது. மனிதருக்கு வரும் அடைப்பு அப்படிப்பட்டதா? சிலருக்கு இரத்தக்கட்டி தானே கரைந்து வழி திறப்பதும் உண்டு. 'அடைபட்ட குழாயைத் திறந்துவிட்டால் மூளை பிழைக்குமா?' என்பதுதான் மருத்துவர்கள் அறிய விரும்பிய முதன்மையான கேள்வி. பொசுக்கிய தமனி இதற்கு விடை தராது.

கழுத்து வழியே ஒரு பாதை

இந்தச் சிக்கலை ஒரு துண்டு நைலான் நூல் தீர்த்து வைத்தது. 1986-இல் ஜப்பானில் கொய்சுமி குழுவினரும், 1989-இல் அமெரிக்காவில் ஸியா லோங்கா குழுவினரும் இம்முறையை வெளியிட்டார்கள்.

கழுத்தில் துடிக்கும் பெரிய தமனி மேலே சென்று இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முகத்துக்கும் நாக்குக்கும் செல்கிறது. மற்றொன்று மூளைக்குச் செல்கிறது. எலியை நன்றாக மயக்கத்தில் ஆழ்த்திய பிறகு கழுத்தில் சிறிதளவு கீறி இந்தப் பிரிவைக் காண்பார்கள். முகத்துக்குச் செல்லும் கிளையின் வழியாக மெல்லிய நைலான் நூலை நுழைத்து, மூளைக்குச் செல்லும் கிளைக்குத் திருப்பி, மெல்ல மெல்ல மேலே செலுத்துவார்கள். நூலின் நுனி தமனியின் சுவரைக் கிழித்துவிடக் கூடாது. ஆகவே நுனியைச் சூட்டில் காட்டி மழுங்கச் செய்வார்கள். சிலிகோன் பூசுவதும் உண்டு. ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் சென்றதும் நூல் மேலே போக மறுக்கும். அப்போது நூலின் தலைப்பு நடு மூளைத் தமனியின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். மண்டையோட்டைத் தொடவே இல்லை!

உண்மையிலேயே அடைபட்டதா என்பதை எப்படி அறிவது? இரத்த ஓட்டத்தை லேசர் ஒளியால் அளக்கும் கருவி ஒன்று உண்டு. எலி விழித்த பிறகு அதன் நடையும் சொல்லும். வலப்பக்கத் தமனியை அடைத்திருந்தால் இடப்பக்கம் பாதிக்கப்படும். ஏனெனில் வலப்பக்க மூளைதான் இடப்பக்க உடலை ஆள்கிறது. லோங்கா குழுவினர் இதற்கு எளிய மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார்கள். எந்தக் குறையும் இல்லையென்றால் 0. இடது முன்னங்காலை முழுவதும் நீட்ட முடியாவிட்டால் 1. இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் 2. இடப்பக்கம் சாய்ந்து விழுந்தால் 3. தானாக நடக்கவே முடியாமல் சோர்ந்து கிடந்தால் 4. நம் தேர்வுக்கு நேர் எதிரானது இது. மதிப்பெண் கூடினால் நிலைமை மோசம்!

சோதனை முடிந்ததும், எலியை வலியின்றி உயிர்நீக்கி, அதன் மூளையைத் துண்டுகளாக்கி, டெட்ரசோலியம் என்ற வேதிப்பொருளின் கரைசலில் இடுவார்கள். இக்கரைசலுக்கு நிறம் இல்லை. உயிருள்ள திசுவில் வேலை செய்துகொண்டிருக்கும் நொதிகள் அதைச் செந்நிறப் பொருளாக மாற்றும். இறந்துவிட்ட திசுவில் அம்மாற்றம் நிகழாது. ஆகவே பிழைத்த பகுதி சிவப்பாகவும் மாண்ட பகுதி வெண்மையாகவும் தெரியும். வெண்பரப்பை அளந்தால் பாதிப்பு எவ்வளவு என்பது கணக்காகவே கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இவை அனைத்தும் பயிற்சி பெற்றவர்கள், உரிய அனுமதி பெற்ற ஆய்வுக்கூடத்தில் மட்டுமே செய்யும் வேலைகள். வேறு எங்கும், வேறு எவரும் இவற்றுக்கு முயலக் கூடாது.

நூலை உருவினால்?

நைலான் நூலின் உண்மையான பெருமை அது அடைப்பதில் இல்லை. அதை உருவ முடியும் என்பதில் இருக்கிறது. நூலை உருவியதும் இரத்தம் மறுபடி பாய்கிறது. ஆகவே ஓர் எலிக்கு ஒரு மணி நேரம் அடைப்பு, மற்றோர் எலிக்கு இரண்டு மணி நேரம், இன்னொன்றுக்கு நிலையான அடைப்பு என்று வைத்து ஒப்பிடலாம். என்ன தெரிந்தது? சீக்கிரம் உருவினால் வெண்பகுதி சிறியது. தாமதமாக உருவினால் பெரியது. பல மணி நேரம் கடந்து உருவினால், உருவியதற்கும் உருவாமலே விட்டதற்கும் வேறுபாடு மிகக் குறைவு. சில சமயம் காலங்கடந்து பாயும் இரத்தமே வீக்கத்தையும் கசிவையும் உண்டாக்கிக் கேடு செய்வதும் தெரிந்தது.

இதற்குக் காரணத்தை வேறொரு சோதனை முன்பே காட்டியிருந்தது. 1970-களில் லண்டனில் லிண்ட்சே சைமன் குழுவினர் பபூன் குரங்குகளின் நடு மூளைத் தமனியை அடைத்து, மூளையின் வெவ்வேறு இடங்களில் இரத்த ஓட்டத்தையும் மின்துடிப்பையும் ஒருசேர அளந்தார்கள். நலமான மூளையில் 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மி.லி. இரத்தம் பாய்கிறது. அது 15 முதல் 20 மி.லி. என்ற அளவுக்குக் குறைந்தால் நரம்பணுக்களின் மின்துடிப்பு அடங்கிவிடும். ஆயினும் அவை உயிரோடு இருக்கும்! 10 மி.லி.க்கும் கீழே போனால்தான் அணுவின் சுவர் காவல் இழந்து, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. அதன் பின் சாவு விரைவில் வரும்.

சூரிய கிரகணத்தில் கருநிழல், புறநிழல் என்று இரண்டு உண்டு என்பதைப் படித்திருப்பீர்கள். அடைபட்ட மூளையிலும் அப்படித்தான். நடுவே, விரைவில் மாண்டுவிடும் கருநிழல். அதைச் சுற்றி, பக்கத்துத் தமனிகளின் கசிவால் குற்றுயிராகக் கிடக்கும் புறநிழல். 1981-இல் ஆஸ்ட்ரப், சீஸ்யோ, சைமன் ஆகிய மூவரும் இதற்குப் 'புறநிழல்' என்ற பெயரையே நிலைநிறுத்தினார்கள். புறநிழல் வேலை செய்யாமல் கிடந்தாலும், இரத்தம் திரும்பினால் எழுந்து உட்காரும். நேரம் ஆக ஆகக் கருநிழல் பரவிப் புறநிழலை விழுங்கிவிடும். தாத்தாவின் கை எழவில்லை என்பதால் அந்தக் கையை ஆளும் நரம்பணுக்கள் எல்லாம் மாண்டுவிட்டன என்று முடிவுகட்டிவிடக் கூடாது!

கேள்விக்கு ஏற்ற முறை

நூல் ஒன்றே எல்லாக் கேள்விகளுக்கும் விடை தருமா? தராது. நூலைக் கரைக்க முடியாது. மனிதருக்கு வரும் அடைப்போ உறைந்த இரத்தத்தால் ஆனது. கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சோதிக்க உண்மையான கட்டியே வேண்டும். 1985-இல் ஸிவின் குழுவினர் முயல்களின் மூளைத் தமனிகளுக்குச் சிறிய இரத்தக்கட்டிகளைச் செலுத்தினார்கள். பின்னர் டி.பி.ஏ. என்ற கரைப்பானைக் கொடுத்தார்கள். நம் இரத்தக் குழாய்களே சிறிதளவு சுரக்கும் ஒரு புரதம்தான் இது. உடனடியாக மருந்து பெற்ற முயல்களுக்கு நரம்புப் பாதிப்பு குறைந்தது.

அதே 1985-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் வாட்சன் குழுவினர் ஒளியைக் கொண்டே அடைப்பை உண்டாக்கினார்கள். ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தை எலியின் இரத்தத்தில் செலுத்தி, மண்டையோட்டின் ஒரு சிறு இடத்தில் பச்சை ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட இடத்துக் குழாய்களில் மட்டும் இரத்தம் உறையும். மூளையின் குறிப்பிட்ட ஒரு புள்ளி பழுதானால் என்ன ஆகும் என்று அறிய இது உதவும்.

கத்தியும் நூலும் இல்லாமல் பக்கவாதம் வரும் எலிகளும் உண்டு. ஜப்பானில் ஒகமோட்டோவும் யமோரியும் தம் கூட்டாளிகளுடன் மிகை இரத்த அழுத்தம் உள்ள எலிகளைத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து, தானாகவே பக்கவாதத்துக்கு ஆளாகும் எலி இனம் ஒன்றை 1974-இல் அறிவித்தார்கள். இரத்த அழுத்தத்துக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவை அறிய ஏற்ற விலங்கு இது. முறைகள் பல இருப்பது கேள்விகள் பல இருப்பதால்தான்.

எலி ஏமாற்றிவிட்டதா?

நண்பர்களே, இனி வருவது அவ்வளவு இனிப்பான செய்தி அல்ல. எலியின் மூளையைக் காப்பாற்றிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக மனிதரிடம் தோற்றன. 2006-இல் ஓ'காலின்ஸ் குழுவினர் அதுவரை ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் சோதிக்கப்பட்ட சிகிச்சைகளை எண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 1,026! அவற்றுள் 114 மனிதரிடம் சோதிக்கப்பட்டவை. நரம்பணுவைக் காக்கும் மருந்து என்று கொண்டாடப்பட்ட எதுவும் மனிதரிடம் நிலைத்து நிற்கவில்லை.

ஏன் இப்படி? ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். எம்.கே. 801 என்ற மருந்து, ஜெர்பில் என்னும் சிறு பாலைநில எலிகளின் மூளையைக் காப்பதாகச் செய்திகள் வந்தன. 1990-இல் பியூக்கனும் புல்சினெல்லியும் இதை மறுபடி சோதித்தார்கள். மருந்து பெற்ற ஜெர்பில்களின் உடல் குளிர்ந்து போயிருந்ததைக் கவனித்தார்கள். அவற்றைக் கதகதப்பாக வைத்துச் சோதித்தபோது மருந்தின் பயன் மறைந்துபோயிற்று. மருந்தே கொடுக்காமல் ஜெர்பில்களைக் குளிர வைத்தபோது மூளை பிழைத்தது! காப்பாற்றியது குளிர்ச்சி, பெயரைத் தட்டிச் சென்றது மருந்து. மூளையின் வெப்பநிலை 36 டிகிரியிலிருந்து 34 அல்லது 33 டிகிரிக்கு இறங்கினாலே பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்று மயாமியில் புஸ்டோ குழுவினர் 1987-இலேயே எலிகளில் காட்டியிருந்தார்கள். ஒரு வெப்பமானியைக் கவனிக்கத் தவறினால் ஒரு சோதனையே திசைமாறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேறு காரணங்களும் இருந்தன. சோதிக்கப்பட்ட எலிகள் பெரும்பாலும் இளமையான, நோயற்ற ஆண் எலிகள். பக்கவாதம் வரும் மனிதரோ பெரும்பாலும் முதியவர், இரத்த அழுத்தமோ சர்க்கரை நோயோ உள்ளவர், பெண்களும் உண்டு. எலிக்கு மருந்து அடைப்புக்கு முன்பாகவோ அடைத்த சில நிமிடங்களிலோ கிடைத்தது. மனிதருக்கோ பல மணி நேரம் கழித்துக் கிடைத்தது. எந்த எலி மருந்து பெற்றது என்பது தெரிந்தே மதிப்பெண் போட்ட சோதனைகளும் இருந்தன. தன் மகனின் விடைத்தாளைத் தந்தையே திருத்துவது போன்ற நிலை அது. வேண்டுமென்றே பொய் சொல்லாவிட்டாலும் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

ஆக, எலி ஏமாற்றவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது. 'நோயற்ற இளம் எலிக்கு உடனே மருந்து கொடுத்தால் பயன் உண்டா?' என்று கேட்டுவிட்டு, அந்தப் பதிலை வயது முதிர்ந்த மனிதருக்குப் பொருத்திப் பார்த்தவர்கள் நாம்தான்.

பிழையை உணர்ந்ததும் விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொண்டது. 1999-இல் ஆராய்ச்சியாளர்களும் மருந்து நிறுவனத்தாரும் கூடி, பக்கவாத மருந்துகளை விலங்குகளில் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று விதிகளை வகுத்தார்கள். அண்மையில் அமெரிக்காவில் ஆறு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஆறு சிகிச்சைகளை ஒரே முறையில் சோதித்தன. இளம் எலிகளோடு, முதிய எலிகளும் பருத்த எலிகளும் இரத்த அழுத்தம் மிகுந்த எலிகளும் சேர்க்கப்பட்டன; ஆணும் பெண்ணும் இடம்பெற்றன. எந்த எலிக்கு எந்த மருந்து என்பது மதிப்பெண் போட்டவர்களுக்குத் தெரியாது. 2023-இல் முடிவு வெளியாயிற்று. முன்கூட்டியே வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டியது ஆறில் ஒன்றுதான். அது யூரிக் அமிலம். இங்கும் இறுதித் தீர்ப்பு மனிதரிடம் நடக்கும் சோதனையின் கையில்தான் இருக்கிறது.

இது சரிதானா?

ஓர் எலி நம்மிடம் வந்து 'என்னைச் சோதியுங்கள்' என்று கேட்கவில்லை. அதற்கும் வலி உண்டு, அச்சம் உண்டு. அப்படியானால் இதைச் செய்யலாமா? இக்கேள்வி உங்கள் மனத்தில் எழுந்திருந்தால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். எழவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

1959-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் மூன்று நெறிகளை முன்வைத்தார்கள். விலங்கு இல்லாமல் விடை காண முடியுமானால் விலங்கைத் தொடாதே. தொட்டே ஆக வேண்டுமானால் இயன்ற அளவு குறைந்த எண்ணிக்கையில் பயன்படுத்து. பயன்படுத்தும் விலங்கின் துன்பத்தைக் குறைத்துக்கொண்டே வா. நூல் சோதனையிலும் இந்நெறிகளைக் காணலாம். மண்டையோட்டைத் திறக்கும் தேவை போயிற்று. முகத்துக்குச் செல்லும் தமனியை அடைப்பதால் எலிக்கு மெல்லுவது கடினமாகும். ஆகவே சில நாள் குழைந்த உணவு கொடுக்கிறார்கள். காந்த ஒத்ததிர்வுப் படக் கருவி வந்தபின், ஒரே எலியின் மூளையை உயிரோடேயே பலமுறை படமெடுக்க முடிகிறது. நாளுக்கு ஓர் எலியாகப் பலவற்றை இழக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதையைத் தடுக்க மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆம், சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய அதே அம்மையார்தான்! அம்முயற்சியின் பயனாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் விலங்குச் சோதனையை அடியோடு தடை செய்யவில்லை. அதைக் கண்காணிக்கக் குழு அமைக்க வழி செய்தது. இன்று விலங்குகளில் ஆராய்ச்சி நடத்தும் நிறுவனங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் நெறிக்குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வெப்பமானியைப் பார்க்காமலும், மதிப்பெண்ணை நடுநிலையோடு போடாமலும் நடத்திய சோதனையில் இறந்த எலி வீணாக இறந்தது. கவனக்குறைவான விஞ்ஞானமும் ஒருவகை விலங்கு வதையே.

நூலின் மறுபிறவி

முயல் சொன்ன செய்தி என்ன ஆயிற்று? அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் டி.பி.ஏ. மருந்தைச் சோதித்து 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுள் கூடுதலானோர் மூன்று மாதத்தில் குறையின்றியோ சிறு குறையோடோ தேறினார்கள். ஆபத்தும் இருந்தது. மூளைக்குள் இரத்தம் கசிந்து நிலைமை மோசமானோர், மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 6.4 பேர், பெறாதவர்களில் 0.6 பேர். ஆகவே படமெடுத்துப் பார்த்து, தகுதியுள்ளவர்களுக்கு மட்டுமே மருத்துவர்கள் இதைக் கொடுக்கிறார்கள். 2008-இல் வெளியான மற்றொரு சோதனைக்குப் பிறகு கால எல்லை நாலரை மணி நேரமாக நீண்டது.

பெரிய கட்டிகளை மருந்தால் கரைப்பது கடினம். அவற்றுக்கு வேறு வழி பிறந்தது. தொடையின் மேற்புறத் தமனியில் ஒரு மெல்லிய குழாயை நுழைத்து, நெஞ்சைக் கடந்து, கழுத்தைக் கடந்து, மூளைத் தமனி வரை செலுத்திக் கட்டியைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார்கள்! நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 19 பேர் பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் தேறினார்கள். கட்டியும் அகற்றப்பட்டவர்களுள் 33 பேர் அப்படித் தேறினார்கள். எலியின் கழுத்து வழியே நூல் சென்ற பாதை நினைவுக்கு வருகிறதல்லவா? அங்கே அடைக்கச் சென்றது. இங்கே திறக்கச் செல்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள்

ஆய்வுக்கூடத்து எலிக்கு ஒரு வசதி உண்டு. நூல் எந்த நிமிடத்தில் நுழைந்தது என்பது ஆராய்ச்சியாளரின் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு அந்தக் குறிப்பேடு இல்லை. மருத்துவமனையில் டாக்டர் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்பதே. அதற்கு விடை தெரியாமல் போனால் கிடைக்கக்கூடிய சிகிச்சையும் கை நழுவக்கூடும்.

எனவே மூன்று அடையாளங்களை நினைவில் வையுங்கள். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒரு கை தாழ்கிறதா? ஓர் எளிய வாக்கியத்தைச் சொல்லச் சொன்னால் நாக்கு குழறுகிறதா? மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வாயில் நீரோ மாத்திரையோ ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

பெரிய தமனி ஒன்று அடைபட்டிருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மாள்கின்றன என்று 2006-இல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. "கொஞ்ச நேரம் படுங்க" என்ற அன்பான சொல் எவ்வளவு விலை பெறுகிறது, பாருங்கள்! பாட்டியின் மேல் தவறில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குத் தெரியும். ஆகவே அந்த நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மணியை ஒரு தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சில் ஏறுங்கள். எத்தனையோ எலிகளும் முயல்களும் குரங்குகளும் தம் உயிரைக் கொடுத்து நமக்குச் சொன்ன பாடம், அந்தத் தாளில் எழுதிய ஒற்றை எண்ணில் பயன்படும்.